ரெண்டாவது பஸ்

பஸ்ஸைக் கண்டுபிடித்ததற்காக மனித குலத்தை இன்றுவரை மன்னிக்காத ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, ரெண்டாவது பஸ்தான். அது அவருடைய பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

நான் மில் பஸ் ஓட்டுகிறேன். திண்டுக்கல் ஓரத்தில் எடுத்து வேடசந்தூர் பக்கம் மில் வரைக்கும். வழியில் ஊர் ஊராக நின்று ஆள் ஏற்றுவேன். எல்லாரும் ஏறுவார்கள். அவர் மட்டும் ஏற மாட்டார். ஆனால் வருவார்.

முதல் நாள் ஏறினார். வேலைக்குச் சேர்ந்த அன்று. தேய்த்த சட்டை, தலைக்கு எண்ணெய், கையில் டிபன் கேரியர். அவர் ஊர் ஸ்டாப்பில் ஏறி, என் பக்கத்தில் என்ஜின் பேனட் மேல் உட்கார்ந்தார். நான் கியரில் கை வைத்தேன். அவர் முகம் வெளுத்தது.

"அப்பு, வண்டிய எடுத்துட்டீகளா?"

"இன்னும் எடுக்கல."

"எடுக்காமயே இப்படி இருக்கே."

எடுத்தேன். அடுத்த ஸ்டாப் வருவதற்குள் அவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்பது பஸ்ஸில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கம்பங்கூழ்.

மறுநாள் எலுமிச்சம்பழத்தோடு வந்தார். மோந்துகொண்டே வந்தார். பழம் வாடியது, வாந்தி வாடவில்லை. அதற்கு மறுநாள் இஞ்சி. அப்புறம் ஒரு அக்கா சொன்னது: "நியூஸ் பேப்பர விரிச்சு அதுமேல உக்காருங்கண்ணே. வராது." உட்கார்ந்தார். வந்தது. பேப்பர் வேறு வகையில் உதவியது. தொப்புளில் பிளாஸ்திரி ஒட்டினால் நிற்கும் என்றார் இன்னொருவர். ஒட்டினார். பிளாஸ்திரி நின்றது. மற்றது நிற்கவில்லை.

அந்த வாரம் முடிந்தபோது பஸ்ஸில் அவர் பக்கத்து இரண்டு சீட்டும் காலியாகவே வந்தன. அவரே ஒரு முடிவு சொன்னார்.

"டிரைவரே, ஒண்ணு நான் ஓடணும், இல்ல வண்டி ஓடணும். வண்டி ஓடி நான் சும்மா உக்காந்திருந்தா வயிறு ஒத்துக்கல. நாளையிலருந்து நான் ஓடியாறேன். நீங்க முன்னாடி போங்க."

வீட்டில் ஒரு சைக்கிள் இருந்தது. அதில் அவர் வீட்டம்மா ஆரோக்கியம் விடியக்காலம் பூ மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். மிச்சம் இருந்தது கால்தான்.

மறுநாள் கண்ணாடியில் பார்க்கிறேன். பின்னால் ஒருவர் ஓடி வருகிறார். கைலியை மடித்துக் கட்டியிருக்கிறார். ஒரு கையில் டிபன் கேரியர். இன்னொரு கையில் செருப்பு. செருப்புப் போட்டு ஓடினால் செருப்பு தேயுமாம். நான் அடுத்த ஊரில் ஆள் ஏற்ற நின்றால் எட்டிப்பிடிப்பார். நான் கிளம்பினால் சின்னதாவார். மறுபடி நிற்பேன். மறுபடி பெரிதாவார். இப்படியே மில்லுக்கு வந்து சேர்ந்தோம். நான் வந்து ஆள் இறக்கி, ஒரு பீடி பற்றவைத்து முடிப்பதற்குள் அவர் வந்துவிட்டார். கேரியரைத் திறந்து பார்த்தேன். குழம்பு ஒரு சொட்டு சிந்தவில்லை.

கேட்டில் வாட்ச்மேன் கேட்டை இழுத்துச் சாத்தப் போனவர், ரோட்டைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"இருங்கப்பா, இப்பச் சாத்த வேணாம். ரெண்டாவது பஸ் பின்னால வருது."

பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

எனக்கு முதலில் கோபம். ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்கு ஒரு மரியாதை உண்டு. என் பஸ்ஸைப் பார்த்ததும் ஒருவர் எச்சிலை முழுங்கிக்கொண்டு ரோட்டின் அந்தப் பக்கம் போவது நல்லா இல்லை. பழகிவிட்டது. பிற்பாடு கண்ணாடியில் அவர் தெரியவில்லை என்றால் எனக்கு ஓட்டம் சரியாக வரவில்லை.

ஊர் உலகத்துக்கு இது புரியவில்லை. ஒருநாள் பைக்கில் வந்த ஒரு பையன் என்னை முந்தி, குறுக்கே போட்டு நிறுத்தினான்.

"அறிவிருக்கா உங்களுக்கு? வயசான மனுஷன் சாப்பாட்டத் தூக்கிட்டு ஓடியாராரு. நிறுத்தாம போறீக. உங்க அப்பாவா இருந்தா இப்படிப் போவீகளா?"

அவருக்கு அப்போது நாற்பத்தைந்துதான் இருக்கும். நான் எஞ்சினை நிறுத்தினேன். பஸ்ஸே எட்டிப் பார்த்தது. ரெண்டாவது பஸ் வந்தார். பையனைப் பார்த்துத் தலையாட்டினார். எங்களைத் தாண்டி ஓடிப் போய்விட்டார். பையன் வெகுநேரம் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மில்லில் அவருக்கு சைடு பார்க்கிற வேலை. நூற்பு மிஷின் வரிசைக்கு நடுவே நடந்துகொண்டே இருக்க வேண்டும். எங்கே நூல் அறுந்தாலும் போய் முடிய வேண்டும். ஷிப்ட் முழுக்க உட்கார முடியாது. ஓடி வந்து, நடந்து வேலை பார்த்து, சாயங்காலம் ஓடிப் போவார். கால் வலிக்காதா என்று கேட்டேன்.

"உக்காந்தாத்தான் டிரைவரே வலிக்குது."

அப்படிப்பட்ட கால் எப்படி உடைந்தது என்று கேட்டால், ஓடி உடையவில்லை. நின்று உடைந்தது.

சாணார்பட்டிப் பக்கம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். நடந்தே போனார். குரூப் போட்டோ எடுத்தார்கள். இவர் குட்டை என்று போட்டோக்காரர் பின்வரிசையில் பெஞ்சு மேல் ஏற்றினார். ஏற்கெனவே அதில் ஏழு பேர் நின்றார்கள். எல்லாரும் குண்டு. "எல்லாரும் அசையாம நில்லுங்க" என்றார் போட்டோக்காரர். எல்லாரும் அசையாமல் நின்றார்கள். பெஞ்சு அசைந்தது. ஏழு பேரும் அவர் மேல் விழுந்தார்கள். கணுக்கால் போய்விட்டது. அந்த போட்டோ இன்னும் அவர் வீட்டில் மாட்டியிருக்கிறது. பெண்ணும் மாப்பிள்ளையும் சிரிக்கிறார்கள். பின்னால் யாருமே இல்லை. வெறும் பந்தல் துணி.

மாவுக்கட்டுப் போட்டார்கள். கண்ணாடியில் ரோடு காலியாக வந்தது. அவர் ஊர் ஸ்டாப்பில் நாலைந்து பேர் ஏறுவார்கள். ஏறிய பிறகும் கொஞ்சம் நிற்பேன். பின்னால் இருந்து அக்காமார்கள் சத்தம் போடுவார்கள்.

"யாருக்கண்ணே நிக்கிறீக? அவரு கட்டில்ல படுத்திருக்காரு."

"பிரேக் பாக்குறேன்."

கட்டுப் பிரித்தார்கள். நடந்தார். ஆனால் இழுத்து இழுத்து. எலும்பு டாக்டர் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "இன்னும் கொஞ்ச மாசம் லைட்டான வேலைதான். சும்மா உக்காந்து பாக்குற வேலையா கேளுங்க." மில்லில் உட்கார்ந்து பார்க்கிற வேலை மொத்தம் இரண்டு. ஒன்று வாட்ச்மேன். அதில் ஆள் இருக்கிறார். இன்னொன்று என்னுடையது. அதில் அவர் உட்கார்ந்தால் பஸ்ஸே வாந்தி எடுக்கும்.

மில்லில் வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீஸ் சார் நல்லவர்தான். ஆனால் பேப்பர் இல்லாமல் மழை பெய்தால்கூட நம்ப மாட்டார்.

"ஃபிட்னஸ் சர்டிபிகேட் கொண்டாய்யா. உன் சைட உனக்கே தர்றேன். மாசம் முடிஞ்சும் வரலன்னா வேற ஆளப் போட்டுருவாங்க. என் கையில இல்ல."

ரெண்டாவது பஸ் கேட்டுக்கு வெளியே வந்து என்னிடம் நின்றார். அன்று அவர் ஒன்றும் சிரிப்பாகப் பேசவில்லை.

"இந்த வேல போச்சுன்னா அடுத்த வேலை திருப்பூர்தான் டிரைவரே. மச்சினன் கூப்பிடுறான். திருப்பூருக்கு எப்படிப் போறது? அம்புட்டுத் தூரம் ஓட முடியுமா?"

யோசித்துப் பார்த்தேன். முடியாதுதான்.

அந்த வாரம் டீக்கடையில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அவர் என்னைவிடக் கொஞ்சம் தேவலை. வாயை அசைத்துப் படித்தார். ஒருமுறை. மறுபடி ஒருமுறை. என் தோளைத் தட்டினார்.

"இதப் பாரு. மேல என்ன போட்டுருக்கு?"

"ஃபிட்னஸ் மாரத்தான்."

"கீழ என்ன போட்டுருக்கு?"

"ஓடி முடிக்கும் அனைவருக்கும் சர்டிபிகேட்."

"ஃபிட்னஸ். சர்டிபிகேட்." இரண்டு விரலால் இரண்டு இடத்தையும் தொட்டுக் காட்டினார். "டாக்டரு தர மாட்டேன்னாரு. இவக தாராக. ஓடிக் காட்டுனா போதுமாம்."

எனக்கும் சரியாகத்தான் பட்டது. காலைப் பார்த்துச் சொல்கிறவரைவிட, ஓட விட்டுப் பார்த்துச் சொல்கிறவருக்கு விவரம் தெரியும்.

டீக்கடைக்காரர் மட்டும், மாரத்தான் வேறு ஊர்களிலும் நடக்கும், பார்த்துச் சேருங்கள் என்றார். கேட்டுக்கொண்டோம். மதுரையில் நடக்கிறதாம். மதுரைக்கு பஸ்ஸில் போக முடியாது. ஓடித்தான் போக வேண்டும். மாரத்தான் ஓடுவதற்காக அதைவிடத் தூரம் ஓடிப் போக வேண்டும். மெட்ராஸில் நடக்கிறதாம். பேச்சே இல்லை. கொடைக்கானலில்கூட ஒன்று உண்டு என்றார். கொடைக்கானல் என்ற பேரைக் கேட்டதும் ரெண்டாவது பஸ் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று கேட்டார். கடைசியில் நோட்டீஸில் இருந்ததே முடிவானது. திண்டுக்கல்லில் ஆரம்பித்து வேடசந்தூர் ரோட்டில் போகிறது. அவர் ரோடு.

மாரத்தான் என்றால் எவ்வளவு தூரம் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் பக்கம் மாரத்தான் என்றால் ஒரு தூரம்தான். ரத்த தானத்துக்கு ஓடினாலும் மாரத்தான், மரம் நடுவதற்கு ஓடினாலும் மாரத்தான். பஸ் ஸ்டாண்டில் கொடி அசைப்பார்கள், கலெக்டர் ஆபீஸ் பக்கம் வாழைப்பழம் தருவார்கள். முடிந்துவிடும்.

பேர் கொடுக்க கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். உட்கார்ந்திருந்த பொண்ணு திரையைப் பார்த்தபடியே கேட்டது.

"அஞ்சும் பத்தும் முடிஞ்சுபோச்சுண்ணே. காலேஜ் பிள்ளைக எல்லாம் எடுத்துட்டாக. இருபத்தொண்ணு, நாப்பத்திரெண்டு, ரெண்டுதான் இருக்கு. எது போடட்டும்?"

நோட்டீஸில் டீ-சர்ட் தருவதாகப் போட்டிருந்தது. ரெண்டாவது பஸ் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார்.

"நாப்பத்திரெண்டு போடும்மா. இருபத்தொண்ணு சின்னப் பிள்ளைகளுக்கு."

பொண்ணு திரும்பி அவரைப் பார்த்தது. காலையும் பார்த்தது.

"நாப்பத்திரெண்டாண்ணே? தாங்குமா?"

"தாங்கும்மா. நாப்பதே போதும். தொவச்சா சுருங்குமுல்ல."

பொண்ணு அப்படியே தட்டியது. அதற்கு அப்புறம் எங்களை "சார்" என்று கூப்பிட்டது. ஏன் என்று அன்று விளங்கவில்லை.

ஓட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானமே அவர் நடந்து திண்டுக்கல் வந்து கொழுந்தியா வீட்டில் தங்கினார். ஓட்டம் அவர் வீடு இருக்கிற ரோட்டில்தான். வீட்டு வாசலில் இருந்து கிளம்பி, திண்டுக்கல் வரை வந்து, மறுபடி அதே ரோட்டில் வீட்டுப் பக்கமே ஓட வேண்டும். அதைப் பற்றி அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஓட்டத்தன்று நானும் போனேன். ஓட முடியாமல் வழியில் விழுகிறவர்களை அள்ளிப் போட ஒரு பஸ் வேண்டும் என்று ஓட்டம் நடத்துகிறவர்கள் மில்லில் கேட்டிருந்தார்கள். என் பஸ்ஸைக் கொடுத்தார்கள். கடைசி ஆளுக்குப் பின்னாலேயே மெதுவாக வர வேண்டும், யார் கை காட்டினாலும் ஏற்ற வேண்டும். உத்தரவு அவ்வளவுதான்.

விடிந்துகொண்டிருந்தது. மைதானம் முழுக்கக் கலர் கலராகச் செருப்பு. ஷூ என்று சொல்ல வேண்டும். நடுவில் ரெண்டாவது பஸ் வெறுங்காலோடு நின்றார். கைலி. புது டீ-சர்ட். கையில் டிபன் கேரியர். பையை எல்லாம் இங்கே வைக்க வேண்டும் என்று ஒரு தம்பி கேரியரை வாங்கப் பார்த்தது.

"குடுக்க மாட்டேன் தம்பி. இது இல்லன்னா ஒரு பக்கமாச் சாயிறேன்."

நெஞ்சில் ஒரு துணி குத்தியிருந்தார்கள். அதில் சிவப்பில் பெரிதாக 42.

"பாரு டிரைவரே. சட்ட சைஸ எதுக்கு இம்புட்டுப் பெருசா வெளிய போட்டு மானத்த வாங்குறாக?"

அப்போது பின்னால் ஒரு குரல். டைம் ஆபீஸ் சார். புது ஷூ, கையில் வாட்ச், கண்ணாடி, தலையில் ஒரு பட்டை. டீ-சர்ட்டில் தொப்பை முன்னால் நின்றது. நெஞ்சில் 21.

"நீயாய்யா? நாப்பத்திரெண்டா ஓடுற?"

"ஆமா சார்." ரெண்டாவது பஸ் சாரின் தொப்பையைப் பார்த்தார். நெஞ்சில் இருந்த நம்பரைப் பார்த்தார். உண்மையான கவலையோடு கேட்டார். "உங்களுக்கு இருபத்தொண்ணு பத்துமா சார்?"

சார் முகம் சிவந்துவிட்டது. "எனக்கு இதுவே போதும்யா. ரொம்பப் பேசாத." என்று போய்விட்டார். ரெண்டாவது பஸ்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை.

கொடி அசைத்தார்கள். எல்லாரும் போய்விட்டார்கள். கடைசியில் ஒருவர் போனார். இழுத்து இழுத்து, கேரியர் ஒரு பக்கம் ஆட. நான் கியர் போட்டேன்.

எத்தனை வருஷம் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். முதுகைப் பார்த்தது அன்றுதான். இவ்வளவு சின்ன முதுகு என்று எனக்குத் தெரியாது.

டவுன் தாண்டியதும் ஆள் விழ ஆரம்பித்தது. பாலத்துச் சுவரில் ஒருவர், வேப்பமரத்தடியில் இருவர். ஏற்றினேன். அப்புறம் ஒரு மைல்கல்லின் மேல் டைம் ஆபீஸ் சார் உட்கார்ந்திருந்தார். காலை நீட்டிக்கொண்டு, கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு. ரெண்டாவது பஸ் அவரிடம் நின்றார்.

"பிடிச்சிருச்சா சார்?"

"ஆமாய்யா."

"அப்பமே நினைச்சேன் சார். சின்ன சைஸ்."

சார் நொண்டிக்கொண்டு வந்து என் பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். "அவனையும் ஏறச் சொல்லுங்க டிரைவர். உடைஞ்ச கால். ஏதாவது ஆச்சுன்னா மில்லுக்குத்தான் தலவலி." நான் ஹாரன் அடித்தேன். ரெண்டாவது பஸ் திரும்பி என் பஸ்ஸின் கதவைப் பார்த்தார். கொஞ்சம் வேகமாக ஓடினார். ஏறினால் சர்டிபிகேட் போச்சு. அது ஒன்று. கதவைப் பார்த்ததும் வயிறு புரட்டியிருக்கும். அது இன்னொன்று.

ஒரு இடத்தில் தடுப்பு வைத்து ஒரு பிள்ளை கொடி பிடித்து நின்றது. முன்னால் போனவர்கள் எல்லாம் அங்கே திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். இவரும் திரும்பினார். பிள்ளை மறித்தது.

"சார், நீங்க நேரா போகணும்."

"எல்லாரும் திரும்புறாகளே."

"அவங்க இருபத்தொண்ணு. நீங்க நாப்பத்திரெண்டு."

"சட்ட சைஸப் பாத்தா தாயி திருப்பி விடுறீக?"

பிள்ளை முழித்தது. "சைஸ் இல்ல சார். கிலோமீட்டர்."

ரெண்டாவது பஸ் அப்படியே நின்றார். நானும் நிறுத்தினேன். எனக்கும் அப்போதுதான் விளங்கியது, அந்தப் பொண்ணு ஏன் சார் என்று கூப்பிட்டது என்று. அவர் குனிந்து நெஞ்சில் இருந்த நம்பரைத் தடவினார்.

"நாப்பத்திரெண்டு கிலோமீட்டரு. முழுசும் ஓடுனாத்தான் சர்டிபிகேட்டா தாயி?"

"ஆமா சார்."

"இந்த ரோடு எது வரைக்கும் போகுது?"

"வேடசந்தூர்கிட்ட ஒரு மில்லு இருக்கு. அதத் தாண்டிப் போய் திரும்பணும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "டிரைவரே, வேலைக்குப் போற வழிதான். போய்ப் பாப்போம்."

கொஞ்ச தூரத்தில் அவர் வீடு. ஆரோக்கியம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். பூ விற்று முடித்து அப்போதுதான் வந்திருந்தார். ஓட்டக்காரர்கள் எல்லாரும் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. புருஷன் வருகிற நடையைப் பார்த்தார்.

"இம்புட்டு நேரமா?"

"நாப்பத்திரெண்டு கிலோமீட்டராம்டி."

"யாரு சொன்னா?"

"சட்டையிலயே போட்டுருக்கு."

ஆரோக்கியம் அவர் கணுக்காலைப் பார்த்தார். வீங்கியிருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். கேரியரைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார். தயிர்சோறும் தொட்டுக்கொள்ள வெஞ்சனமும் போட்டு, மூடி அழுத்தி, திரும்பக் கையில் கொடுத்தார்.

"செத்த நேரம் உக்காந்துட்டுப் போ."

"உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்."

"அப்பப் போ." அவ்வளவுதான் சொன்னார். பிறகு என் பஸ் தாண்டும்போது ஜன்னல் பக்கம் வந்தார். "அண்ணே, பின்னாலயே போங்க. விட்டுட்டுப் போயிராதீக."

"இல்லம்மா."

அந்த வாசலைத் தாண்டியதும் ஒன்று நடந்தது. அங்கேயிருந்து மில் வரைக்கும்தான் அவர் தினமும் ஓடின ரோடு. காலுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இழுப்பது குறைந்தது. கேரியர் பழையபடி அசையாமல் நின்றது. வழியில் படுத்திருந்த நாய் ஒன்று எழுந்து, வாலை ஆட்டி, கொஞ்ச தூரம் கூட வந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கை தட்டினார். ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். சார் மட்டும் "ஏறச் சொல்லுங்க, ஏறச் சொல்லுங்க" என்று முனகிக்கொண்டே வந்தார்.

மில்லின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தபோது அவர் கால் விட்டுவிட்டது. இரண்டு எட்டு ஓடினார். நின்றார். முழங்காலைப் பிடித்துக் குனிந்தார். வெயில் ஏறியிருந்தது. நான் பஸ்ஸைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். கதவு அவருக்கு நேராக இருந்தது. அவர் நிமிர்ந்து படியைப் பார்த்தார். அன்று முதல் தடவையாக அந்தப் படியை ஆசையாகப் பார்த்தார்.

டைம் ஆபீஸ் சார் எழுந்தார். ஒற்றைக்காலில் நொண்டி, படியில் இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை கொடுத்து ஏற்றப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஏறாதய்யா," என்றார்.

ரெண்டாவது பஸ் அவரைப் பார்த்தார்.

"ஏறிடாத. இந்தா தெரியுது பாரு கேட்டு. இம்புட்டுத் தூரம் வந்துட்டு ஏறலாமா. ஓடு."

ஓடினார். அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் நடை இல்லை.

ரோடு நேராகப் போனது. ஓட்டமும் நேராகத்தான் போக வேண்டும். அவர் கேட்டுக்குத் திரும்பினார். தினமும் திரும்புகிற மாதிரி. வாட்ச்மேன் ஸ்டூலில் இருந்து எழுந்து நின்றார். அவரைப் பார்த்தார், பின்னால் உறுமிக்கொண்டு வரும் என்னைப் பார்த்தார்.

"வாங்கண்ணே. ரெண்டாவது பஸ் பின்னால வருதாக்கும்?"

என்னைச் சொன்னார்.

ரெண்டாவது பஸ் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இறங்கி ஓடினேன். "அண்ணே, இன்னும் போகணும். தாண்டிப் போய்த் திரும்பி, திண்டுக்கல் வரைக்கும் போகணும். அப்பத்தான் சர்டிபிகேட்."

"முடியாது அப்பு." வீங்கிய காலைத் தூக்கிக் காட்டினார். "கால் வந்தாலும் மனசு வரல. காலைல இங்க வந்தா நான் சாயங்காலம்தான் திரும்புவேன். அப்படியே பழகிருச்சு." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "சர்டிபிகேட் போச்சு. திருப்பூருதான்."

டைம் ஆபீஸ் சார் நொண்டி நொண்டி வந்து அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"என்ன சர்டிபிகேட்?"

"நீங்க கேட்டீகளே சார். ஃபிட்னஸ் சர்டிபிகேட். ஓடி முடிச்சா தாராகன்னு நோட்டீஸ்ல போட்டிருந்துச்சு."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது செல்லாதுய்யா. டாக்டர் சர்டிபிகேட்தான் செல்லும். நாப்பத்திரெண்டும் ஓடிட்டு வந்து குடுத்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்."

"இத முன்னாடியே சொல்லிருக்கலாமுல்ல சார்."

"நீ கேக்கவே இல்லையே."

ரெண்டாவது பஸ் கேரியரைத் திறந்தார். தயிர்சோறு ஒரு பருக்கை இடம் மாறவில்லை. முதல் அடுக்கை சாருக்குக் கொடுத்தார். சார் நாலு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்.

"நாளைக்கு நானே உன்ன டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். எப்ப வேலைக்கு வரலாம்னு அவர் எழுதித் தரட்டும். அதுவரைக்கும் உன் சைடுல தற்காலிகமாத்தான் ஆள் போடுவேன். பெர்மனென்ட்டா போட விட மாட்டேன். நான் மேல பேசிக்கிறேன்."

ரெண்டாவது பஸ் கும்பிடப் போனவர், பாதியில் நிறுத்தினார்.

"எதுல சார் போறோம்?"

"என் கார்லதான்."

அவர் முகம் வெளுத்தது. "நீங்க முன்னாடி போங்க சார்," என்றார்.

அன்று வீட்டுக்கு அவரை என் பஸ்ஸில்தான் கொண்டுபோனேன். வேறு வழி இல்லை. பேனட் மேல் உட்கார வைத்தேன். வாட்ச்மேன் எங்கிருந்தோ ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார். நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. பிரேக்கை அழுத்தி மிதிக்கவில்லை. பள்ளத்தில் எல்லாம் நிறுத்தி நிறுத்தி இறக்கினேன். ஒரு சைக்கிள் எங்களை முந்தியது. ஆடு மேய்க்கிற ஒருவர் கொஞ்ச நேரம் கூடவே நடந்து வந்தார். பாதி வழியில் ரெண்டாவது பஸ் கேட்டார்.

"வண்டிய எடுத்துட்டீகளா?"

"இன்னும் எடுக்கல. கண்ண மூடுங்க."

மூடினார். தூங்கிப் போனார். கம்பங்கூழ் வரவில்லை.

டாக்டர் நிறையத் திட்டினாராம். திட்டிவிட்டு, இன்னும் கொஞ்ச மாசம் கழித்துக் கையெழுத்துப் போட்டார். சார் சொன்னபடி சைடு காத்திருந்தது. இப்போது காலையில் கண்ணாடியில் மறுபடி கைலி, கேரியர், செருப்பு. இடது கால் மட்டும் கொஞ்சம் இழுக்கிறது. முன்னை மாதிரி எட்டிப்பிடிக்க முடியவில்லை.

பஸ் முன்னைவிட லேட்டாக வருகிறதே, என்ன விஷயம் என்று டைம் ஆபீஸ் சார் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். மெதுவாக ஓட்டினால் டீசல் மிச்சம் சார் என்றேன்.

பேப்பர் கேட்காமல் எழுதிக்கொண்டார்.